அங்கிக்குக் கழித்த இரண்டு கிலோ

எங்கள் ஹோல்விட்ஸ் மலைக்குத் தண்ணீர்க் குழாய் வந்தபோது யாரும் வாணம் விடவில்லை. குழாய்தான் வந்தது, தண்ணீர் வரவில்லை. வராத ஒன்றுக்கு எப்படி வாணம் விடுவது? ஆனால் எடை இயந்திரம் வந்த அன்று பன்னிரண்டு வாணம் விட்டோம். கம்பளி போர்த்தி, வண்டியின் பின்புறம் நிற்க வைத்துக் கயிறு கட்டிக் கொண்டுவந்ததால், எந்த ஊர்ப் புனிதர் எழுந்தருளுகிறார் என்று தெரியாமல் இரண்டு பேர் மெழுகுவத்திகூட ஏற்றிவிட்டார்கள்.

கம்பளியை நீக்கினால் வெள்ளைவெளேரென்று ஆளுயரத்தில் ஓர் இயந்திரம். கீழே ஏறி நிற்கப் பலகை, நடுவே தூண், மேலே தட்டு அகலத்துக்கு வட்ட முகம். அந்த முகத்தில் ஒரு முள் ஆடிக்கொண்டிருந்தது. அதைக் கொண்டுவந்தவர் எடை மாண்பு வாரியத்தின் டைரக்டர் எவரிஸ்தோ பினேதா. ஊர்ப் பெரியவர்கள் அவருக்கு நாடா தொங்கும் திருவிழாத் தொப்பியை மரியாதையாகப் போட்டார்கள். அவருக்கு அது சின்னதாக இருந்ததால் கழற்றி இயந்திரத்தின் தலையில் வைத்துவிட்டார். அன்று வைத்த தொப்பியை அதற்குப் பிறகு எடுக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே யாரும் வெறுங்கையோடு போய் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. பெண் கேட்பதானாலும், வரப்புச் சண்டையைத் தீர்ப்பதானாலும், ஏர் மாட்டை ஒரு நாளைக்கு வாங்கிக்கொள்வதானாலும், கேட்கப் போகிறவர் கலர் சோடா பாட்டில் ஒன்றைக் கொண்டுபோய் முன்னால் தரையில் வைக்க வேண்டும். அந்த ஆள் மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டால் கேட்டதைத் தந்தே ஆக வேண்டும். முன்பெல்லாம் கரும்புச் சாராயம் வைத்துக்கொண்டிருந்தோம். குடி குடியைக் கெடுக்கிறது, கலருக்கு மாறுங்கள் என்று பாதிரியாரும் பள்ளிக்கூட வாத்தியாரும் வீடு வீடாக வந்து சொன்னார்கள். நல்லவர்கள் சொன்னதென்று மாறினோம். இப்போது கோயிலிலும் கலர்தான், குழந்தைக்குக் காய்ச்சலென்றாலும் கலர்தான். கடையில் தண்ணீர் பாட்டிலுக்கும் கலருக்கும் விலை ஒன்றாக இருக்கும்போது தண்ணீரை வாங்குகிறவன் பைத்தியக்காரன் என்றே பேசிக்கொண்டார்கள்.

இந்தக் கலரை ஊற்றிக் கொடுப்பதற்கென்று ஊரில் ஓர் ஆள் உண்டு. ஒரே ஒரு சின்னக் கோப்பைதான். அதை நிரப்பி, மூத்தவரிலிருந்து தொடங்கி, வயதும் பதவியும் பார்த்து வரிசைப்படி தர வேண்டும். தரும்போது தலையைக் குனிய வேண்டும்; வாங்குகிற பெரியவர் புறங்கையால் அந்தத் தலையைத் தொட்ட பிறகுதான் நிமிரலாம். வரிசை பிசகினால் பிசகினவர் அவமானம் செய்தார் என்று பொருள், பத்து வருஷப் பகை அதில் கிளம்பும். எங்கள் ஊற்றுகாரர் சாலிக் பதிஷ்தான். இருபத்தோரு வருஷத்தில் ஒரு சொட்டுச் சிந்தியதில்லை, ஒரு தலை மாறியதில்லை. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஊற்றுகாரருக்கும் ஒரு கோப்பை உண்டு. ஒரு நாளைக்கு மூன்று வீட்டு விசேஷம் என்றால் மனிதர் வயிற்றுக்குள் என்ன போயிருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். தொண்ணூற்று நான்கு கிலோ ஆள். உட்கார்ந்தால் மர முக்காலி முனகும். அவருடைய மனைவி லோஷா அந்த உடம்பைப் பற்றி ஊரெல்லாம் குறை சொல்வாள், உள்ளுக்குள் பெருமையும் படுவாள்.

டைரக்டர் வந்த அன்று சாலிக்தான் அவருக்கும் ஊற்றினார். டைரக்டர் பழங்குடிப் பண்பாட்டை மதிக்கிறவர், அதனால் ஆறு கோப்பை மதித்தார். பிறகு எழுந்து நின்று, காற்றூட்டப்பட்ட இனிப்புப் பானங்கள் உடல் எடைக்குச் செய்யும் கேட்டைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்.

“அன்பான மலைவாழ் சகோதர சகோதரிகளே, உங்க எடை உங்களோடது இல்லை. அது தேசத்தோடது. நீங்க ஒரு கிலோ ஏறினா எங்க அறிக்கையில ஒரு கோடு ஏறுது. அந்தக் கோட்டைப் பார்த்து நான் எத்தனை நாள் சாப்பாடு இறங்காம தவிச்சிருக்கேன்னு உங்களுக்குத் தெரியாது.”

நடுநடுவே அவருக்கு ஏப்பம் வந்தது. எங்கள் வைத்தியத்தில் ஏப்பம் நல்லது, உள்ளே இருக்கிற கெடுதல் வெளியே போகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு ஏப்பத்துக்கும் பெண்கள் தலையாட்டினார்கள். தம்மைத்தான் ஆமோதிக்கிறார்கள் என்று நினைத்து அவர் இன்னும் நீட்டினார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் வியாழக்கிழமை எல்லோரும் சுகாதார நிலையத்துக்கு அட்டையோடு போய் எடை பார்க்க வேண்டும் என்று ஆனது. அட்டையில் முத்திரை விழாத குடும்பத்துக்கு அரசாங்கம் தருகிற கூரைத் தகடு கிடையாது. முதல் தடவையே சிக்கல். எங்கள் பெண்களின் கறுப்புக் கம்பளிப் பாவாடை லேசுப்பட்டதா? ஆண்களின் கம்பளி அங்கியும் அப்படித்தான். பாவாடையை அவிழ்த்துவிட்டு ஏறச் சொல்ல டைரக்டருக்கே பயம். தலைநகரில் மூன்று நாள் கூட்டம் போட்டு ஒரு சுற்றறிக்கை வந்தது: பாவாடைக்கு மூன்று கிலோ, அங்கிக்கு இரண்டு கிலோ கழித்து எழுதவும். எல்லோருக்கும், எப்போதும், விதிவிலக்கின்றி. சட்டை மட்டும் போட்டுக்கொண்டு வந்த ஆண்களுக்கும் அங்கிக்கு இரண்டு கிலோ கழித்தார்கள். அவர்கள் சந்தோஷமாகப் போனார்கள்.

எழுதுகிறவள் நர்ஸ் கிரிசெல்தா. கீழ்நாட்டுப் பெண், கெட்டவள் இல்லை. சொன்னால் சொன்னது, அவ்வளவுதான். அவளிடம் ஒரு தகர டப்பா நிறையத் தங்க நிற நட்சத்திரம் இருந்தது. போன மாதத்தைவிட இளைத்து வருகிறவர்களின் அட்டையில் ஒன்று ஒட்டுவாள்.

சாலிக்கின் முதல் எடை, அங்கி போக, தொண்ணூற்றிரண்டு. மே மாதம் எண்பத்தொன்பது, ஒரு நட்சத்திரம். ஜூனில் எண்பத்தைந்து, இரண்டாவது நட்சத்திரம். ஜூலையில் எண்பது. கிரிசெல்தா அந்த அட்டையைத் தூக்கி வரிசையில் நின்ற எல்லோருக்கும் காட்டினாள். பார்த்துக் கத்துக்குங்க, மனசு வெச்சா எல்லாம் முடியும் என்றாள்.

சாலிக் மனசு எதுவும் வைக்கவில்லை. முன்பைவிட அதிகமாகத்தான் சாப்பிட்டார். லோஷா சுட்ட சோள அடை கல்லிலிருந்து தட்டுக்குப் போவதற்குள் காணாமல் போனது. தாகமோ தாகம். விசேஷ வீட்டில் குடித்தது போதாமல் வீட்டுக்கு வந்தும் ஒரு பெரிய பாட்டிலை நின்றபடியே காலி செய்வார். பொழுதன்னைக்கும் கொல்லைக்கும் வீட்டுக்குமாக நடை. லோஷாவுக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு ஒரு நாள் காலை அவர் ஒதுங்குகிற இடத்தைப் பார்த்தாள். எறும்பு சாரி சாரியாக மொய்த்துக்கொண்டிருந்தது. சர்க்கரையைக் கொட்டின இடத்தில்தான் அப்படி மொய்க்கும்.

ஓடிப்போய் நர்ஸிடம் சொன்னாள்.

“நர்ஸம்மா, அவரு ஒண்ணுக்குப் போற எடத்துல எறும்பு மொய்க்குதும்மா.”

“எறும்பா? அது என் பிரிவு இல்லையே” என்றாள் கிரிசெல்தா. “பூச்சி ஒழிப்புக்கு எழுதணும். படிவம் இருக்கு, தரேன்.”

படிவத்தில் பெருவிரல் வைத்தாள் லோஷா. எங்கள் அரசாங்கத்தைக் குறை சொல்லக் கூடாது, சில விஷயங்களில் படுவேகம். எட்டாம் நாள் முகமூடியும் முதுகில் பீப்பாயுமாக ஒருவன் வந்து கொல்லை முழுக்க மருந்தடித்தான். ஒரு கோழி செத்தது. கதவில் ‘எறும்பற்ற இல்லம்’ என்று ஒரு தாள் ஒட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். சாலிக் வேறு மூலையில் ஒதுங்கினார், எறும்பு அங்கே வந்தது.

ஊர் வைத்தியரும் வந்தார். நாடியைப் பிடித்துப் பார்த்து, ஆவியில் பாதி எங்கோ மலைச்சரிவில் விழுந்து கிடக்கிறது என்றார். அதை மீட்கப் பதின்மூன்று மெழுகுவத்தி, ஒரு சேவல், பன்னிரண்டு கலர். அந்தப் பன்னிரண்டையும் சாலிக்தான் குடிக்க வேண்டும், ஏப்பம் வரும்வரை. ஏப்பம் நன்றாக வந்தது. அடுத்த மாத வியாழன் எடை எழுபத்தைந்து.

பட்டணத்துக்குப் போய் வேறு டாக்டரைப் பார்க்கலாம் என்று லோஷா கெஞ்சினாள். சாலிக் அட்டையை எடுத்து நீட்டினார்.

“ஏ லோஷா, இதப் பாரு. நாலு நட்சத்திரம். ஊர்லயே நாந்தான் நல்லா இருக்கேன்னு கவர்மென்ட்டே எழுதிக் குடுத்திருக்கு. உனக்கு என்ன தெரியும்?”

பாவம், பிறந்ததிலிருந்து அந்த மனிதரை யாரும் எழுத்தில் பாராட்டியதில்லை. அந்த அட்டையைப் பாலிதீன் உறையில் போட்டு இடுப்புத் துண்டுக்குள் வைத்திருந்தார்.

சுகாதார நிலையத்தில் டாக்டர் ஒருவரும் உண்டு. நொயே என்று பெயர், படிப்பு முடித்து ஒரு வருஷம் மலையில் கழிக்க வந்த இளைஞர், வாரத்தில் மூன்று நாள் இருப்பார். லோஷா முறைப்படியே போனாள். தலைக்கு நல்ல முண்டாசு, கையில் இரண்டு கலர். அவர் அறை வாசலில் பாட்டிலை வைக்கக் குனிந்தபோது கிரிசெல்தா பாய்ந்து வந்தாள். கலர் உள்ளே கொண்டுவரக் கூடாது என்று சுவரில் பெரிய எழுத்தில் எழுதி, கறுப்புப் பாட்டில் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்டிருந்ததைக் காட்டினாள். லோஷா வெளியே போய் வேலியோரம் பாட்டிலை வைத்துவிட்டு வெறுங்கையோடு உள்ளே வந்தாள்.

வெறுங்கையோடு கேட்பதென்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. டாக்டர் உட்காரச் சொன்னார், அவள் நின்றாள். என்ன விஷயம் என்று கேட்டார். தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள். கடைசியில், அவருக்குத் தாகமா இருக்குங்க என்று மட்டும் சொன்னாள்.

டாக்டர் நொயே சட்டென்று நிமிர்ந்தார். நிலையத்தில் இருந்த சாலிக்கின் எடைப் பதிவை எடுத்துப் பார்த்தார், இறங்கிக்கொண்டே வந்த கோட்டைப் பார்த்தார், முகம் மாறியது. அவருக்குப் புரிந்துவிட்டது. விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தால் போதும். ஆனால் சர்க்கரை பார்க்கிற பரிசோதனைத் தாள் கையிருப்பில் இல்லை, பிப்ரவரியிலிருந்தே இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதலாம் என்றால் சீட்டில் சர்க்கரை அளவைக் குறிக்க வேண்டும், குறிக்காத சீட்டு திரும்பி வரும். சீட்டில்லாமலே கூட்டிப் போங்கள் என்றார். அவர் வர மாட்டேங்கிறாரே என்றாள். அன்றே தலைநகருக்குத் தாள் கேட்டு எழுதினார் டாக்டர். அடுத்த வாரமும் எழுதினார்.

தாள் வந்தது. அக்டோபரில், ஒரு பட்டியலோடு வந்தது. சர்க்கரை நோய் குண்டானவர்களுக்கு வருவது, ஆகவே மிகை எடை உள்ளவர்களுக்கு மட்டும் தலைக்கு ஒரு தாள். தாளிலேயே பெயர் அச்சடித்திருந்தது. பட்டியல் போட்ட அந்த மாத வியாழன் சாலிக்கின் எடை அறுபத்தைந்து. அவருடைய உயரத்துக்கு அறுபத்தைந்தரை வரை இயல்பான எடை. அரைக் கிலோவில் அவர் ஆரோக்கியமானவர் ஆகிப் பட்டியலிலிருந்து விழுந்துவிட்டார்.

டாக்டர் நொயே தலைநகருக்குப் போன் போட்டார். சுவர் ஒன்றும் கனத்த சுவர் இல்லை, வெளியே இருந்த லோஷாவுக்கு எல்லாம் கேட்டது. டைரக்டரின் குரலும் போனைத் தாண்டி வந்தது.

“டாக்டர், மாநிலத்துலயே இத்தனை எடை குறைச்ச ஒரே ஆள் அவருதான். அவரைப் போய் நோயாளிங்கிறீங்க. என் வெற்றியை நோயாக்கப் பாக்கறீங்களா?”

லோஷா வீட்டுக்கு வந்து யோசித்தாள். குண்டானவர்களுக்குத்தான் பரிசோதனை என்றால் குண்டாக்கிவிட்டால் போகிறது. அடுத்த நாளே சோளம் அரைக்கும் கல் குழவியை எடுத்து, சாலிக்கின் இடுப்புத் துண்டுக்குள் வைத்துச் சுற்றி, மேலே அங்கியை இழுத்துவிட்டாள். அவருக்கு நிற்கவே முடியவில்லை. காலில் ஒரு புண் ஆறாமல் இருந்தது வேறு. கைத்தாங்கலாகக் கூட்டிப்போய், போன தடவை எடை சரியாகத் தெரியவில்லை, மறுபடி பாருங்கள் என்றாள். முள் ஆடி நின்றது. அங்கி போக அறுபத்தெட்டு.

கிரிசெல்தா வெலவெலத்துப் போனாள். முன்மாதிரி மனிதர் சில நாளில் மூன்று கிலோ ஏறினால் யார் பதில் சொல்வது? தலைநகருக்குத் தகவல் பறந்தது. தலைநகர் தெளிவாகப் பதில் அனுப்பியது: மனிதர் பழுதாக வாய்ப்பில்லை, இயந்திரம் பழுதாகியிருக்கும். ஒரு வல்லுநர் வந்து இயந்திரத்தைப் பிரித்து, துடைத்து, எண்ணெய் போட்டு, ‘நலம்’ என்று முத்திரை குத்தினார். அறுபத்தெட்டை அடித்துவிட்டு அறுபத்தைந்து என்றே எழுதினார்கள். ஹோல்விட்ஸில் அந்த மாதம் முழுப் பரிசோதனை செய்யப்பட்டது அந்த இயந்திரம் ஒன்றுதான்.

நவம்பரில் பரிசளிப்பு. கோயில் முன்னே மேடை, நாற்காலி, வாழ்த்துத் துணி. நடுநாயகமாக எடை இயந்திரம், தலையில் நாடாத் தொப்பி, கழுத்தில் சாமந்தி மாலை. அதற்கு ஒரு பக்கம் டைரக்டர், மறுபக்கம் பள்ளத்தாக்கில் கலர் நிரப்பும் கம்பெனியிலிருந்து வந்த அம்மாள் ஒருத்தி. விழாச் செலவு கம்பெனியுடையது. எங்கள் ஊற்றுத் தண்ணீரும் கம்பெனியுடையதுதான், அதை அன்று யாரும் பேசவில்லை.

சாலிக்கைப் பலகையில் ஏற்றினார்கள். அறுபத்தொன்று. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. டைரக்டர் பேசினார்: “ஒரு மனுஷன்ல மூணுல ஒரு பங்கைக் குறைச்சிருக்கோம். இது வெறும் தொடக்கம்.”

கம்பெனி அம்மாளும் விடவில்லை. “இவரு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் எங்க கலர் குடிக்கிறாருன்னு ஊரே சொல்லுது. முப்பத்தோரு கிலோ குறைஞ்சிருக்காரு. கலர் குடிச்சா குண்டாவாங்கன்னு சொல்றவங்க இவரை வந்து பார்க்கட்டும்.” டைரக்டருக்கு முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு மேடை, மாலை, ஒலிபெருக்கி எல்லாம் யாருடையவை என்பது நினைவுக்கு வந்ததால் அவரும் கைதட்டினார்.

அங்கி தோளில் நிற்காமல் நழுவி நழுவி விழ, சாலிக் அங்கே நின்றுகொண்டிருந்தார். உங்கள் ரகசியம் என்ன, ஊருக்குச் சொல்லுங்கள் என்று ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுபோனார்கள்.

“தாகமா இருக்கு” என்றார்.

டைரக்டர் நெகிழ்ந்துவிட்டார். முன்னேற வேண்டும் என்ற தாகம் என்று விளக்கினார். அடுத்த வருஷத்து வாழ்த்துத் துணிக்கு அதையே வாசகமாக வைக்க உத்தரவிட்டார்.

பிறகு வழக்கப்படி ஊற்றுதல். வந்த பெரியவர்களுக்குப் பரிசு பெற்றவரே தம் கையால் தந்தால் அழகாக இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். சாலிக் கோப்பையை நிரப்பினார். இருபத்தோரு வருஷத்தில் முதல் தடவையாகக் கலர் சிந்தி அவர் பாதத்தில் விழுந்தது. லோஷா கூட்டத்தில் எழுந்து நின்றாள். அவர் காலால் தரையைத் தடவித் தடவி நடந்து மேடையின் நடுவுக்குப் போனார். டைரக்டரைத் தாண்டினார். ஊர்த்தலைவரைத் தாண்டினார். நேரே எடை இயந்திரத்தின் முன்னே போய் நின்று இரண்டு கையாலும் கோப்பையை நீட்டி, தலையைக் குனிந்தார்.

வெள்ளையாக, உயரமாக, தொப்பியும் மாலையுமாக நடுவில் நிற்பவர்தானே எல்லோரிலும் மூத்தவராக இருக்க முடியும்? மங்கிப்போயிருந்த அவர் கண்ணுக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

மேடையில் இருந்தவர்கள் இதை ஏதோ மலைச் சடங்கு என்று நினைத்தார்கள். இயந்திரத்துக்கே நன்றி சொல்கிறார் பாருங்கள் என்று டைரக்டர் கைதட்டினார், புகைப்படக்காரர்கள் ஓடி வந்தார்கள். ஊர்க்காரர்களுக்கு மட்டும் அது என்னவென்று புரிந்தது. சாலிக் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. பெரியவர் தொடாமல் நிமிரக் கூடாது. அவர் காத்திருந்தார். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது, பார்த்தவர்களுக்கு அது முடியவே முடியாத நேரம்.

லோஷா மேடை ஏறிப் பக்கத்தில் போனாள். அவர் குனிந்தபடியே மெதுவாகக் கேட்டார்.

“பெரியவருக்கு எம்மேல கோவமா? தொட மாட்டேங்கிறாரே.”

“கோவமில்லீங்க” என்றாள் லோஷா. “ஒரு கோவமும் இல்லை.”

சொல்லிவிட்டுத் தன் புறங்கையால் அவர் தலையைத் தொட்டாள். மனைவி கணவன் தலையை அப்படித் தொடுவது எங்கள் முறையில் கிடையாது. ஊர்ப் பெரியவர்கள் அதைக் குற்றமாக எடுக்கவில்லை. சாலிக் நிமிர்ந்தார், பெரியவர் மன்னித்துவிட்டார் என்ற நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. லோஷா அவரைக் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிப்போனாள்.

மறுநாள் அவருக்கு வாந்தி, பிறகு பேச்சுக் குழறல். மூச்சில் அழுகின பழ வாசனை வந்தது. டாக்டர் நொயே ஓடி வந்து, பட்டியலையும் பெயரையும் பார்க்காமல் வேறு யாருடைய தாளையோ பிரித்து, சாலிக்கின் விரலில் குத்தி ரத்தம் எடுத்தார். தாளைச் செருகிய சின்னக் கருவி எண்ணைக் காட்டவில்லை, அளவுக்கு மேல் என்று மட்டும் எழுதிக் காட்டியது. முட்டைக்கோசு ஏற்றும் லாரி ஒன்றை நிறுத்தினார்கள். தூக்குவதற்கு ஆள் கூப்பிடப் போனார் டாக்டர். அதற்குள் லோஷாவே அவரை இரண்டு கையிலும் ஏந்தி லாரியில் ஏற்றியிருந்தாள். ஒரு காலத்தில் முக்காலியை முனகவைத்த உடம்பு அது. பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற சான் கிறிஸ்தோபல் ஊர் விளக்குக் கம்பங்கள் தெரிகிற வளைவில், அவள் மடியில், போய்விட்டார்.

டிசம்பர் முதல் வியாழக்கிழமைக்கு முன்பாகக் கிரிசெல்தா வீட்டுக்கு வந்தாள். வாசலுக்குள் வரவில்லை. இறந்தவருடைய அட்டையை முடிக்க வேண்டுமாம், கடைசி எடை இல்லாமல் முடிக்க விதி இல்லையாம். திறந்தே கிடந்தால் மாதாமாதம் வராததற்குக் குடும்பத்தின் பேரில் குற்றம் விழுமாம். தலைநகரில் சொன்னதைச் சொல்கிறேன், என்னை வையாதே என்றாள்.

லோஷா வையவில்லை. வியாழக்கிழமை சாலிக்கின் பழைய அங்கியை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். நல்ல அங்கியைப் போட்டுத்தான் புதைத்தார்கள். மீந்தது இதுதான். வரிசையில் நின்று, முறை வந்ததும் அங்கியைப் பலகையின் மேல் வைத்தாள்.

முள் ஆடி இரண்டில் நின்றது.

கிரிசெல்தா அந்த முள்ளைப் பார்த்தாள். பழக்கப்பட்ட கை தானாகவே எழுதியது: இரண்டு. அங்கிக்குக் கழிவு இரண்டு. மீதி என்று இருந்த கட்டத்தில் பூஜ்ஜியம் போட்டாள். போட்ட பிறகுதான் என்ன எழுதினோம் என்று அவளுக்கு உறைத்தது போலும், பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

லோஷா மடியிலிருந்து ஒரு கலர் பாட்டிலை எடுத்து, சிவப்புக் கோடு போட்ட படத்துக்கு நேர் கீழே, கிரிசெல்தாவின் கால் முன்னால் தரையில் வைத்தாள். வரிசையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். கிரிசெல்தா எட்டு வருஷமாக இந்த மலையில் இருக்கிறவள், பாட்டில் என்றால் என்ன என்று தெரியாதவள் இல்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்தாள்.

“கேளு” என்றாள்.

“எழுதுங்கம்மா. அவரு மெலியலை. செத்துக்கிட்டு இருந்தாரு.”

அட்டையில் அதற்குக் கட்டம் இல்லை. ஏழு நட்சத்திரங்களுக்கு நடுவே இருந்த வெற்றிடத்தில், பொடி எழுத்தில், கிரிசெல்தா அதை எழுதினாள். முத்திரையும் குத்தினாள்.

தலைநகரில் எழுத்தைப் படிக்கிறவர்கள் இல்லை, எண்ணைக் கூட்டுகிறவர்கள்தான் இருக்கிறார்கள். தொண்ணூற்றிரண்டிலிருந்து பூஜ்ஜியத்துக்கு வந்த ஒருவரால் ஹோல்விட்ஸின் மொத்தக் குறைப்பு அந்த வருஷம் மாநிலத்தில் முதலிடம் பிடித்தது. பாராட்டுக் கடிதம் வந்தது. பரிசாக இன்னோர் எடை இயந்திரம் வந்தது. இந்தத் தடவை யாரும் வாணம் விடவில்லை. டாக்டர் நொயே வருஷம் முடிந்து போய்விட்டார்.

ஜனவரி முதல் வியாழன் லோஷா தன் அட்டையோடு வந்து பலகையில் ஏறினாள். பாவாடைக்கு மூன்று கிலோ போக, போன மாதத்தைவிட நான்கு கிலோ குறைவு. கிரிசெல்தா எழுதினாள். தகர டப்பாவைத் திறந்து நட்சத்திரம் ஒன்றை விரல் நுனியில் எடுத்தாள். எடுத்தவள் அட்டையைப் பார்க்கவில்லை, லோஷாவின் முகத்தைப் பார்த்தாள். நட்சத்திரத்தை மறுபடி டப்பாவிலேயே போட்டு மூடினாள்.

“தாகமா இருக்கா லோஷா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா” என்றாள் லோஷா. “அடை சுட்டா ரெண்டு பேருக்குச் சுட்டுடறேன். அப்புறம் சாப்பிடப் பிடிக்கலை.”

பாவாடைக் கழிவுக்கென்று இருந்த கட்டத்தில் கிரிசெல்தா லோஷா சொன்னதை எழுதிக்கொண்டாள்.